வளர்ந்த பிள்ளைகள், மருமக்களோடு தீம் பார்க் போவது: மட்டக்களப்பில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடந்த ஓகஸ்டில் நாங்கள் ஒன்பது பேர் சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் போய் வந்தோம். நானும் இவரும், எங்களோடு கல்லடியில் இருக்கிற மூத்த மகள், மருமகன், ஏழு வயதுப் பேரன், கலியாணம் முடித்து களுவாஞ்சிகுடியில் பெண் வீட்டோடு போய்விட்ட மகன், அவனுடைய மனைவி, எழுத்து, அதாவது கலியாணப் பதிவு, முடிந்து கலியாணத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த சின்ன மகள், அவளுக்கு எழுதிய மாப்பிள்ளை. வந்த நாள் தொட்டு கோயில் வாசலிலும் கலியாண வீட்டுப் பந்தியிலும் ஒரே கேள்விகள்தான். சொல்லிச் சொல்லி வாய் உலர்ந்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

"தீம் பார்க் எண்டா சின்னப் பிள்ளைகளுக்குத்தானே? வளர்ந்த பிள்ளைகளோட போய் என்னகா செய்யிற?"

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அங்கே போய்ப் பார்த்தால் வாசலுக்கு வாசல் உயரம் அளக்கிற கோல் நிற்கிறது. பெரிய ரோலர் கோஸ்டருக்கு 125 செ.மீ. வேண்டும், மம்மி என்ற இருட்டு கோஸ்டருக்கு 122, டிரான்ஸ்போர்மர்ஸ் ஒன்றுக்கு 102. எங்கள் பேரன் 118. இரண்டு இடத்தில் கோலடியில் நின்று குதிகாலைத் தூக்கிப் பார்த்தான், பலிக்கவில்லை. அந்த இடங்கள் எல்லாம் அவனுடைய மாமாவுக்கும் சித்திக்கும் என்று கட்டினவைதான்.

அந்தப் பெரிய கோஸ்டரில் இரண்டு தண்டவாளம் பக்கத்துப் பக்கமாக ஓடுகிறது. ஒன்றில் குந்தியிருந்து போகலாம், மற்றதில் கால் தொங்கும். கால் தொங்குகிறதுக்குப் பெயர் 'சைலோன்'. மகன் பலகையைப் பார்த்துவிட்டு, "நம்மட நாட்டுப் பேர வச்சிருக்கானுகள், தலைகீழாத்தான் தொங்கவும் விட்டிருக்கானுகள்" என்றான். வரிசையில் நின்ற தமிழாட்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

"அவ்வளவு தூரம் போகோணுமா? இலங்கையில ஒண்டும் இல்லையா?"

இருக்கிறது. ஹன்வெல்லவில் லெஷர் வேர்ல்ட், பண்டாரகமவில் பேர்ள் பே, இரண்டிலும் தண்ணீர் விளையாட்டு உண்டு. அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கத்து ஆட்கள் ஏ4 வீதியில் மொனராகலை, வெல்லவாய, இரத்தினபுரி வழியாக அவிசாவளைக்கே வந்து சேரலாம், ஹன்வெல்ல அங்கிருந்து கிட்ட. மட்டக்களப்பு நகரத்தில் இருந்து போகிறவர்களுக்குக் கொழும்புப் பக்கமாகப் போவதுதான் வழக்கம்.

மருமக்களோடு ஒருநாளும் வெளியே போகாத குடும்பம் என்றால் முதலில் இப்படி ஒரு இரண்டு நாள் பயணம் போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்லுவேன். யார் விடிய எழும்பமாட்டார், யாருக்கு வானில் தலை சுற்றும், யார் பசித்தால் முகத்தைத் தூக்குவார் என்பதெல்லாம் ஹபரணை தாண்டுவதற்குள் தெரிந்துவிடும்.

"இந்தியாவா, சிங்கப்பூரா?"

இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இந்தியாவுக்கு விசா எடுக்க வேண்டும், ஒன்லைனில் எடுக்கலாம். சிங்கப்பூருக்குச் சுற்றுலாவாகப் போக விசா தேவையில்லை. ஒன்பது பேருக்கு ஒன்பது விசா விண்ணப்பம் நிரப்புவதை நினைத்துத்தான் நாங்கள் சிங்கப்பூர் என்று முடிவெடுத்தோம், வேறு பெரிய யோசனை ஒன்றும் இல்லை.

செலவு பார்த்தால் இந்தியா குறைவு. வொண்டர்லா என்ற பார்க் கொச்சியிலும் பெங்களூரிலும் நெடுநாளாக இருக்கிறது, சென்னையிலும் 2025 டிசம்பரில் திறந்துவிட்டார்கள். சென்னைக்கு யாழ்ப்பாணம் பலாலியில் இருந்தும் விமானம் போகிறது. கோயில், சாறிக்கடை என்று சேர்த்துப் போகிற குடும்பத்துக்கு அது நல்லது. அங்கே பாதி தண்ணீர் விளையாட்டு என்பதை மட்டும் மனதில் வையுங்கள், நைலோன் உடை இல்லாமல் குளத்துக்குள் விடமாட்டார்கள். மாமனார் மாமியார் முன்னால் நனைந்த உடுப்போடு நிற்பது எங்கள் பக்கத்து மருமகளுக்கு லேசான காரியம் இல்லை. சிங்கப்பூர் யுனிவர்சலில் ஒரு படகுச் சவாரியைத் தவிர அந்தத் தொல்லை கிடையாது.

"விசா இல்லையெண்டா டிக்கெட் போட்டு நேர போறதுதானா?"

நேரே போகலாம், ஆனால் மூன்று விசயம். கடவுச்சீட்டில் குறைந்தது ஆறு மாதம் இருக்க வேண்டும். கலியாணமான புதிதில் மருமகள் பெயர் மாற்ற விண்ணப்பித்திருந்தால் டிக்கெட்டிலும் கடவுச்சீட்டிலும் ஒரே பெயர்தானா என்று பாருங்கள். அடுத்தது வருகை அட்டை. சிங்கப்பூரில் இறங்குவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் ஒவ்வொருவருக்கும் ஒன்லைனில் நிரப்ப வேண்டும், குழந்தைக்கும் சேர்த்து. அது இலவசம். காசு கேட்கிற தளம் வந்தால் நீங்கள் தவறான இடத்தில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

மூன்றாவது, பை. சிங்கப்பூருக்குள் மென்று தின்னும் புகையிலை கொண்டுபோகத் தடை. வெற்றிலை போடுகிற அப்பாமார் இதைக் கேட்டே ஆக வேண்டும். இவர் சேட்டுப் பையில் ஒரு சுருள் வைத்திருந்ததை மருமகன் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கண்டு எடுத்தெறிந்தார், இரண்டு நாள் இவர் அவரோடு கதைக்கவில்லை. சுயிங்கமும் இ-சிகரெட்டும் அதே கதைதான். சிகரெட்டுக்கு வரி விலக்கே இல்லை, ஒரு பெட்டி என்றாலும் சொல்லி வரி கட்ட வேண்டும்.

"எந்த மாசம் நல்லம்?"

எனக்கு ஓகஸ்ட். எங்கள் பள்ளிக்கூட விடுமுறை, அவர்களுக்குப் பள்ளிக்கூடம் நடக்கிற மாதம். ஜூன் முழுக்கவும், நவம்பர் பாதியில் இருந்து டிசம்பர் முடியவும் சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் லீவு, அப்போது போனால் வரிசையிலேயே வயது போய்விடும். சீனப் புத்தாண்டையும் தவிருங்கள். ஓகஸ்ட் 9 அவர்களுடைய தேசிய நாள், அதற்கு முன்னும் பின்னும் சனம். கிழமை நாளாகப் பார்த்து, செவ்வாயோ புதனோ போங்கள்.

எங்கள் பக்கம் மாரி பிடிக்கிற நவம்பர் தொடக்கம் ஜனவரி வரைக்கும் அங்கேயும் மழைதான். மற்ற மாதங்களிலும் பின்னேரம் ஒரு இடி விழும். மின்னல் வந்தால் வெளியில் ஓடுகிறவற்றை நிறுத்திவிடுவார்கள், அதனால் வெளிச் சவாரிகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். மாமாங்கத் தீர்த்தம், ஆடி அமாவாசை, எந்தத் தேதியில் வருகிறதென்று டிக்கெட் போட முதல் பாருங்கள். நாங்கள் பார்க்காமல் போட்டு, பிறகு என் மாமியிடம் வாங்கிக் கட்டினோம்.

"மட்டக்களப்பில இருந்து கட்டுநாயக்க போறது எப்பிடி?"

இரண்டு மூன்று பேர் என்றால் கொழும்புக்கு ரயிலோ பஸ்ஸோ எடுத்து அங்கிருந்து போகலாம். ஒன்பது பேரும் சூட்கேசும் என்றால் வான்தான். பொலனறுவை, ஹபரணை, தம்புள்ள, குருநாகல் வழியாக நின்று சாப்பிட்டுப் போக எட்டு மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் பிடித்த வான்காரர் விடிய நாலு மணிக்கு வருகிறேன் என்று ஆறே காலுக்கு வந்தார். நல்ல காலம், விமானம் இரவு. அன்றிலிருந்து நான் எல்லாருக்கும் சொல்வது, முதல் நாளே நீர்கொழும்பில் போய்ப் படுங்கள் என்று.

கொழும்பில் இருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானம் சுமார் நாலு மணித்தியாலம், அங்கே நேரம் எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் முந்தி. நடுச்சாமத்தில் ஏறினால் நித்திரை இல்லாமல் விடியப் போய் இறங்குவீர்கள். அன்றைக்கே பார்க்குக்கு டிக்கெட் போடுகிற மகன்மார் இருக்கிறார்கள், கேட்காதீர்கள்.

"காசு ஆர் குடுக்கிற? பிள்ளைகள் உழைக்கிறாங்கதானே?"

இதுதான் எல்லாரும் குரலைத் தாழ்த்திக் கேட்கிற கேள்வி. எங்கள் ஊரில் வீடு மகளுக்குப் போய்விடுகிறது, மகன் பெண் வீட்டோடு போகிறான். ஆகவே காசு விசயத்தில் மகனுக்கு ஒரு கண், மருமகனுக்கு ஒரு ரோசம், இரண்டும் வாய்விட்டு வராது. மூத்தவளின் குடும்பத்துக்கு மட்டும் நாங்கள் கொடுத்தால் "வீட்டோட இருக்கிறவங்களுக்கு எல்லாம்" என்று ஆகும். மருமகனிடம் பாதி கேட்டால் அவர் தன் அம்மாவிடம் போய்ச் சொல்வார்.

நாங்கள் செய்தது: ஹோட்டலும் பார்க் டிக்கெட்டும் எங்கள் ஓய்வூதியக் காசு, எல்லாருக்கும் ஒரே மாதிரி. விமான டிக்கெட் அவரவர். சாப்பாடு ஒரு நாளைக்கு ஒரு சோடி. சின்னவளும் மாப்பிள்ளையும் ஒரு சோடி என்று சேர்த்ததில் அந்தப் பொடியனுக்குச் சரியான சந்தோசம். இதை ஆறு மாதத்துக்கு முன்னமே, தொகையோடு, ஒரே நேரத்தில் எல்லாருக்கும் வட்ஸ்அப்பில் போட்டேன். ஒருவருக்கு முதலில் சொல்லி அவர் மற்றவருக்குச் சொன்னால் அங்கேதான் கதை கோணும்.

கணக்குக்கு: பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் டிக்கெட் 80 சிங்கப்பூர் டொலரைத் தாண்டும், 60 வயதுக்கு மேல் குறைந்த விலை. வரிசை குறைக்கிற எக்ஸ்பிரஸ் பாஸ் வேறு, சில நாளில் டிக்கெட் விலையையே தொடும். கிழமை நாளில் போனால் அது வேண்டாம். அப்புறம், ஒவ்வொரு தேத்தண்ணிக்கும் டொலரை ரூபாயாகப் பெருக்கிச் சத்தமாகச் சொல்கிற பழக்கத்தை விமானத்திலேயே விட்டுவிடுங்கள். எனக்கு மூன்றாம் நாள்தான் விட்டது.

"எல்லாரும் ஒரே வீட்டில தங்கினா சமைச்சும் சாப்பிடலாமே?"

நான் ஆசைப்பட்டதும் அதுதான். சிங்கப்பூரில் குடியிருப்பு வீடுகளை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டவிரோதம், மகன்தான் தேடிப் பார்த்துச் சொன்னான். ஆகவே ஹோட்டல், இல்லாவிட்டால் அனுமதி உள்ள சேவிஸ் அபார்ட்மென்ட்.

அப்போதும் நான் "ஒரு பெரிய அறையில் மூன்று கட்டில் போட்டால்..." என்று தொடங்கினேன். மருமகள் ஒன்றும் பேசவில்லை, தன் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தாள், சீனி எப்போதோ கரைந்துவிட்டது. அன்றைக்கே சோடிக்கு ஒரு அறை என்று முடிவாயிற்று. ஒரே ஹோட்டல் போதும், ஒரே மாடி கேட்காதீர்கள், கிடைத்தால் கிடைக்கட்டும்.

"எழுத்து மட்டும் முடிஞ்ச மாப்பிள்ளைய கூட்டிப் போகலாமா? சனம் என்ன சொல்லும்?"

சனம் சொல்லும். சட்டப்படி அவர்கள் கணவன் மனைவிதான், ஆனால் எங்கள் ஊரில் தாலி ஏறும் வரைக்கும் அது கணக்கில் வராது என்பது எனக்கும் தெரியும். மாப்பிள்ளை வீட்டுக்கு நாங்களே நேரில் போய்க் கேட்டோம், தொலைபேசியில் இல்லை. அறையில் சின்னவள் என்னோடு, மாப்பிள்ளை இவரோடு. இவருடைய குறட்டையோடு ஐந்து இரவு படுத்தெழும்பின பொடியன், இனி எந்த வீட்டிலும் சமாளிப்பான். எழுத்தும் ஆகாமல் பேச்சுக்கால் மட்டும் என்றால் நான் கூட்டிப்போயிருக்க மாட்டேன். அது என் முடிவு, உங்களுக்கு வேறாக இருக்கலாம்.

"சம்பந்தி வீட்டாரையும் கூப்பிடாட்டி கோவிப்பாங்களா?"

மகன் இருக்கிறது அவர்கள் வீட்டில். அவனை ஒரு கிழமைக்கு நாங்கள் எடுத்துக்கொண்டு போகிறோம் என்றால் முதலில் அவர்களிடம்தான் சொல்ல வேண்டும். கூப்பிடவில்லை, ஆனால் மகனுக்குச் சொல்ல முன்னம் சம்பந்தியம்மாவுக்குச் சொன்னேன். வரும்போது அவவுக்குத் தனியாக ஒரு பை சாமான். அவ்வளவுதான்.

"கட்டாரில, கனடாவில இருக்கிற பிள்ளைகள் நேர அங்க வரலாமா?"

தாராளமாக. ஊருக்கு வந்து எல்லாரும் சேர்ந்து புறப்பட வேண்டும் என்று நிற்காதீர்கள். அவர்கள் ஒரு நாள் பிந்தி வருவது நல்லது, நீங்கள் நித்திரை கொண்டு தெளிந்திருப்பீர்கள். அவர்களுடைய துணை தமிழ் தெரியாத ஆளாக இருந்தால் தீம் பார்க்கைப் போல சுகமான இடம் இல்லை. கோஸ்டரில் கத்துவதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். சிங்கப்பூரில் நிற்கும்போது அப்படியே பாலம் தாண்டி ஜொகூரில் லெகோலாண்ட் போவோம் என்பார்கள், இலங்கைக் கடவுச்சீட்டுக்கு மலேசியாவுக்குத் தனி விசா என்பதை ஞாபகப்படுத்துங்கள்.

"பார்க்குக்குள்ள நாள் முழுக்க எல்லாரும் ஒண்டாத் திரியிறதா?"

வேண்டவே வேண்டாம். ஒன்பது பேர் ஒன்றாக நடந்தால் எப்போதும் ஒருவர் கழிவறையில், ஒருவர் கடையில், ஏழு பேர் வெயிலில். நடுவே ஒரு குளம், அதைச் சுற்றி ஹொலிவுட், நியூயோர்க், எகிப்து, டைனோசர், மினியன் என்று வளைந்து போகிற ஒரே பாதை, தொலைந்துபோக வழியே இல்லை. வாசலில் சுற்றுகிற பெரிய உலக உருண்டையடியில் ஒன்பதரைக்கு ஒரு குடும்பப் படம் எடுத்தோம், அதோடு பிரிந்தோம். ஒரு மணிக்குச் சாப்பாடு, அஞ்சு மணிக்குத் திரும்ப உருண்டையடி. நடுவில் யாரும் யாரையும் போன் பண்ணித் தேடக் கூடாது என்று சொல்லியிருந்தேன். நான்தான் இரண்டு தரம் மீறினேன்.

பேரனை யார் பார்ப்பது என்பதையும் முன்னமே பேசுங்கள். பாட்டி இருக்கிறாதானே என்று விட்டுவிடுவார்கள். நான் காலையில் இரண்டு மணித்தியாலம் என்று சொல்லி வைத்தேன், சரியாக அந்த நேரம் முடிய மூத்தவள் வந்து நின்றாள்.

"எனக்கு 62, பிறஷர் இருக்கு. நான் போய் சும்மா குந்திக்கொண்டு இருக்கிறதா?"

ஒவ்வொரு சவாரி வாசலிலும் பலகை இருக்கிறது: இருதய நோய், உயர் இரத்த அழுத்தம், முதுகு, கழுத்து வருத்தம், கர்ப்பம் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று. அதை வாசித்து நடவுங்கள், மருமகன் பகிடி பண்ணுகிறார் என்று ஏறாதீர்கள். ஆனால் குந்தியிருந்து பார்க்கிற சில காட்சிகள் உள்ளே குளிரூட்டிய அரங்குகளில் நடக்கின்றன, நான் ஒன்றை இரண்டு தரம் பார்த்தேன். குளிசையைக் கையில் வைத்திருங்கள், சூட்கேசில் இல்லை.

பார்க்குக்கு ஒரு நாள் போதும். மற்ற நாட்களில் மூத்தவர்களுக்கு என்று வையுங்கள்: கார்டன்ஸ் பை த பே என்ற கரையோரப் பூங்காவில் இரவு வெளிச்சக் காட்சி இலவசம், 1827இல் தொடங்கிய மாரியம்மன் கோயில், சிலோன் றோட்டில் இலங்கைத் தமிழர் எடுத்து வளர்த்த செண்பக விநாயகர். அந்த வீதிப் பெயரைக் கண்டதும் இவர் நின்று படம் எடுத்தார், புகையிலைக் கோபமும் அங்கேதான் தீர்ந்தது.

"சாப்பாடு? வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடமாட்டமே?"

வெளிச் சாப்பாட்டை பார்க்குக்குள் விடமாட்டார்கள், புளிச்சோறு கட்டிக்கொண்டு போகிற யோசனையை விடுங்கள். உள்ளே ஹலால் சாப்பாடு இருக்கிறது, மரக்கறியும் கிடைக்கும், தெரிவு குறைவு. வெள்ளிக்கிழமையில் பார்க் வைக்காமல் அன்றைக்கு சிரங்கூன் ரோட்டுப் பக்கம் போங்கள், 1947இல் இருந்து இருக்கிற கோமள விலாஸ் உட்பட மரக்கறிக் கடைகள் வரிசைக்கு நிற்கின்றன. குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், வெறும் போத்தல் கொண்டுபோனால் டொலர் மிச்சம்.

"சாறி உடுத்திட்டுப் போகலாமா?"

பார்க்க மட்டும் என்றால் உடுத்துங்கள். ஏறுவதென்றால் சுடிதார், ஷோலை அறையில் விட்டுவிட்டு. கழருகிற செருப்பு வேண்டாம், மேலே சொன்ன சைலோனில் கால் தொங்கும். பையோடு அதில் ஏற முடியாது, லாக்கர் இருக்கிறது. மாற்றுடுப்பு ஒன்று கட்டாயம், ஏன் என்று கடைசிக் கேள்வியில் வரும்.

"மருமகள் ஒண்டிலயும் ஏறமாட்டன் எண்டு நிண்டா என்ன செய்யிற? காசு குடுத்துக் கூட்டிப்போய்..."

ஒன்றும் செய்யாதீர்கள். நான் செய்த பிழையைச் சொல்கிறேன். மகனின் மனைவி டிரான்ஸ்போர்மர்ஸ் வாசலில் "நான் நிக்கிறன் மாமி, நீங்க போங்க" என்றாள். நான் எல்லாருக்கும் முன்னால் "களுவாஞ்சிகுடியாக்கள் இவ்வளவு பயந்தாக்களா" என்று பகிடி விட்டேன். அவள் சிரித்துக்கொண்டு எங்கள் ஆறு பையையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் இருந்தாள். மகன் என்னைப் பார்த்த பார்வை அப்போது விளங்கவில்லை. வந்து மூன்றாம் கிழமை சம்பந்தியம்மா போன் எடுத்து, பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்றா. மேலே பிறஷர் கேள்வியில் சொன்ன பலகையில் அது எழுதியே இருந்தது, வாசித்துவிட்டுத்தான் பகிடி விட்டிருக்கிறேன்.

"எங்கட மருமகன் என்னோட முகம் பார்த்தே கதைக்கமாட்டார். ஒரு கிழமை எப்பிடிக் கொண்டுபோற?"

எங்கள் வீட்டிலும் அதுதான். எட்டு வருசம் ஒரே கூரையின் கீழ், ஏதாவது வேண்டுமென்றால் மூத்தவளிடம் சொல்லுவார், அவள் எனக்குச் சொல்லுவாள். பின்னேரம் டைனோசர் பக்கத்தில் வட்டப் படகு ஒன்று ஆற்றில் சுழன்று போகிறதில் நான் ஏறினேன், பலகையில் இருக்கிற வருத்தம் ஒன்றும் எனக்கு இல்லை. மகளும் பேரனும் எதிர்ப்பக்கம், அவருக்குப் பக்கத்து இருக்கையில் நான். இருட்டுக்குள் படகை மேலே தூக்கி ஒரேயடியாகக் கீழே விட்டார்கள். "மாமி, புடிங்க! கம்பியப் புடிங்க மாமி!" என்று கத்தினார். தலையிலிருந்து கால்வரை தண்ணீர். இறங்கும்போது என் மூக்குக் கண்ணாடி அவருடைய கையில் இருந்தது, எப்போது பிடித்தார் என்று அவருக்கே தெரியாது. சேட்டு முனையில் துடைத்துத் தந்துவிட்டு, "இன்னொருக்கா போவமா?" என்று கேட்டார், மகளிடம் இல்லை, என்னிடம்.

நாற்பது நிமிச வரிசை. போனோம்.